நிழல் விழாத பள்ளியறை

மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரில் ஒரு கற்பனை உலகம் நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக இயங்கிக்கொண்டிருக்கிறது. அதற்குத் தனிச் சட்டங்கள் உண்டு. சட்டங்களை மீறுவது சுவர் மட்டும்தான்.

மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வாசலிலேயே ஏமாந்து போகிறார்கள். அரண்மனை என்றதும் மைசூர் நினைவுக்கு வந்திருக்கும். இங்கே கண்ணில் படுவது வெள்ளையடித்த சுவரும் ஓட்டுக் கூரையுமாக, சற்றுப் பெரிய நாலுகெட்டு வீடு. நடுவில் முற்றம். முற்றத்தில் பழயன்னூர் பகவதிக்கு ஒரு கோயில். டிக்கெட் வாங்கி, படியேறி, பல்லக்குகளையும் கொச்சி ராஜாக்களின் உருவப்படங்களையும் கடந்து, மரக்கூரை தாழ்ந்த ஓர் அறைக்குள் நுழைகிறவருக்கு முதலில் எதுவும் தெரிவதில்லை. வெளியே அரபிக் கடலோர வெயில், உள்ளே அந்திப்பொழுது. சற்று நேரம் நின்றால் கண் பழகுகிறது. பழகியதும்தான் தெரிகிறது, அறை காலியாக இல்லை என்பது. சுவர் முழுக்க ஆட்கள். தோளோடு தோள் இடித்துக்கொண்டு அரசர்கள், முனிவர்கள், வானரங்கள், அரக்கர்கள், குதிரைகள், மரங்கள். ஒரு சாண் இடம்கூடச் சும்மா விடப்படவில்லை.

தமிழ்நாட்டிலிருந்து சுற்றுலா வரும் குடும்பங்களில் குழந்தைகள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "ராமர் ஏன் பச்சையா இருக்கார்?" சிவகாசி காலண்டரில் அவர் நீலம். இங்கே இலைப் பச்சை. பெற்றோர் 'அந்தக் காலத்துல அப்படித்தான் வரைவாங்க' என்று சமாளித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கேள்வி நல்ல கேள்வி. அதற்குச் சரியான பதில் தெரிந்துகொண்டால் அறை முழுவதும் வேறு மாதிரியாகத் தெரியத் தொடங்கும்.

கற்பனை உலகம் ஒன்றைப் படைக்க உட்காருகிற எவருக்கும், அவர் நாவலாசிரியரானாலும் சினிமாக்காரரானாலும் கம்ப்யூட்டர் விளையாட்டு வடிவமைப்பவரானாலும், சில கேள்விகளிலிருந்து தப்ப முடியாது. அங்கே மேலே எறிந்த கல் கீழே விழுமா? வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? ஒரு பகல் எவ்வளவு நீளம்? தூரத்தில் இருப்பது சின்னதாகத் தெரியுமா? நல்லவனையும் கெட்டவனையும் பார்த்த மாத்திரத்தில் எப்படி அடையாளம் காண்பது? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் ஒருவர் விடாமல் பதில் சொல்லி, அந்தப் பதில்களைச் சுவரில் எழுதிவைத்த இடம் என்று பார்த்தால் இந்தப் பள்ளியறையை வெல்ல இந்தியாவில் அதிக இடங்கள் கிடையாது.

கட்டடத்தின் கதை சுருக்கமானது. 16ஆம் நூற்றாண்டின் நடுவில், 1555 வாக்கில், போர்ச்சுக்கீசியர்கள் கட்டி, கொச்சி மன்னர் வீரகேரள வர்மனுக்குக் கொடுத்தார்கள். சமாதானம் வாங்கிக்கொள்வதற்கான அன்பளிப்பு. 1663இல் கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர்கள் செப்பனிட்டார்கள். கட்டியவர்களின் பெயர் போய், செப்பனிட்டவர்களின் பெயர் நின்றது. இன்றும் ஆட்டோக்காரர்களிடம் 'டச்சு பேலஸ்' என்றால்தான் வண்டி நேரே வந்து நிற்கும். 1951இல் மத்திய அரசின் பாதுகாக்கப்பட்ட சின்னமானது. சுவரில் இருப்பவற்றில் மூத்தவை இந்த அறையின் ராமாயணச் சித்திரங்கள்; 16ஆம் நூற்றாண்டின் பிற்பாதியைச் சேர்ந்தவை என்கிறார்கள். தசரதனின் புத்திரகாமேஷ்டி யாகத்தில் தொடங்கி, ராமன் அயோத்தி திரும்புவது வரை 48 காட்சிகள் என்பது வழக்கமான கணக்கு. கீழ்த்தளத்து அறைகளில் உள்ளவை பிந்தியவை, வேறு கைகள் தீட்டியவை.

இனி அந்தப் பச்சை.

கேரளச் சுவர்ச்சித்திர மரபில் நிறம் என்பது அலங்காரமல்ல; பௌதிகம். ஒருவன் என்ன நிறம் என்பது அவன் எதனால் ஆனவன் என்பதைச் சொல்கிறது. சாத்விக குணம் மேலோங்கியவர்களுக்குப் பச்சை. ஆசையும் அதிகாரமும் செயல்வேகமும் கொண்ட ராஜஸ குணத்துக்குச் சிவப்பிலிருந்து பொன்மஞ்சள் வரை. தாமஸத்துக்கு வெள்ளையும் கறுப்பும். 16ஆம் நூற்றாண்டில் கேரளத்து ஸ்ரீகுமாரர் எழுதிய 'சில்பரத்னம்' என்ற நூல் மூல நிறங்கள் ஐந்து என்று வகுக்கிறது: வெள்ளை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு, சியாமம். இந்த ஐந்தை வைத்துக்கொண்டு மூவுலகையும் கட்ட வேண்டும். நம் உலகில் இரும்பு கனமாகவும் பஞ்சு லேசாகவும் இருப்பது எப்படிப் பேரம் பேச முடியாத சங்கதியோ, அப்படித்தான் அந்த உலகில் ராமன் பச்சையாக இருப்பது. மன்னர் நினைத்தாலும் மாற்ற முடியாது.

இதே சட்டம் கொச்சியில் மாலை நேரங்களில் டூரிஸ்டுகளுக்காகக் கதகளி ஆடும் அரங்குகளிலும் செல்லுபடியாகும். அங்கே நாயகனுக்குப் 'பச்சை' வேஷம், ராவணனுக்குப் பச்சையின் நடுவே சிவப்புக் கீறிய 'கத்தி', வாலிக்குச் 'சுவன்ன தாடி', அதாவது செந்தாடி, அனுமனுக்கு வெண்தாடி, அரக்கிகளுக்குக் 'கரி'. ராவணனுக்குப் பச்சை கொஞ்சம் கலந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். அவன் வேதம் படித்தவன், வீணை வாசித்தவன். சட்டம் அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறது. சுவரும் மேடையும் ஒன்றையொன்று பார்த்து வளர்ந்தவை என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

இரண்டாவது சட்டம், வெளிச்சத்தைப் பற்றியது. பள்ளியறையில் எந்த உருவத்தை எடுத்துக்கொண்டாலும் உடம்பில் மேடு பள்ளம் தெரிகிறது. ஓரம் அடர்ந்தும் நடு வெளிறியும் உருண்டு திரண்டு நிற்கிறது. ஆனால் ஒருவர் நிழலும் தரையில் விழுவதில்லை. சூரியன் எந்தப் பக்கம் என்று தேடிப் பயனில்லை. வெளிச்சம் வெளியிலிருந்து வந்து இவர்கள்மேல் படுவதில்லை, இவர்களிடமே இருக்கிறது. இதை 'அந்தக் காலத்து ஓவியர்களுக்குத் தெரியாது' என்று தள்ளிவிடுபவர்கள் உண்டு. நிழல் விழும் என்பது தெரியாத மனிதன் எந்தக் காலத்திலும் பிறந்ததில்லை. தெரிந்தே விட்டிருக்கிறார்கள்.

இதே ராமகதைக்கு இதே கேரளத்தில் நேர் எதிரான ஒரு பௌதிகமும் இருக்கிறது என்பது தமிழ் வாசகர்களுக்குச் சுவையான செய்தி. மட்டாஞ்சேரியிலிருந்து வடகிழக்கே பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோயில்களில் கூத்துமாடம் என்று தனி மேடை கட்டி, தோல்பாவைக்கூத்து நடத்துகிறார்கள். திரைக்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் 21 விளக்குகள். பாடப்படுவது கம்பராமாயணம், மலையாள நாட்டில், தமிழ்ச் செய்யுள், இரவு முழுக்க. தாரிகனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் ராம ராவண யுத்தத்தைப் பார்க்கத் தவறிய பத்ரகாளிக்காக நடத்தப்படுவது என்பது ஐதீகம். ஆகவே மனிதர்கள் யாரும் வந்து உட்காராவிட்டாலும் ஆட்டம் நிற்பதில்லை. அந்த உலகில் இருப்பதெல்லாம் நிழல் மட்டுமே. விளக்கு அணைந்தால் ராமனும் இல்லை, ராவணனும் இல்லை. இந்த உலகில் நிழலே இல்லை. இரண்டிலும் ராமன் ஜெயிக்கிறான்.

மூன்றாவது, காலம். ஒரே சுவரில், கையெட்டும் தூரத்தில், ஒரே ஆள் இரண்டு மூன்று தடவை வருகிறார். காட்சிக்கும் காட்சிக்கும் நடுவே பெரும்பாலும் சட்டமோ கோடோ இருப்பதில்லை. ஒரு மரமோ ஒரு தூணோ அந்த வேலையைச் செய்துவிடுகிறது. நேற்று, இன்று, நாளை மூன்றும் பக்கத்துப் பக்கத்து வீடுகளாகக் குடியிருக்கின்றன. அந்த உலகில் காலம் ஓடுவதில்லை, பார்ப்பவர்தான் நடக்கிறார். ராஜா அங்கே கட்டிலில் படுத்திருந்தால் தலையைத் திருப்பும் திசையைப் பொறுத்து ராமன் பிறக்கவோ முடிசூடவோ செய்திருப்பான். தூங்கப் போகிற மனிதனுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியுமா தெரியவில்லை. தூக்கம் வந்திருக்குமா என்பது வேறு கேள்வி.

தூரம் என்பதும் அங்கே கிடையாது. பின்னால் நிற்பவன் என்பதற்காக யாரும் சின்னதாகிவிடுவதில்லை. முக்கியமானவன் பெரியவன், அவ்வளவுதான். உலகில் எத்தனையோ அலுவலகங்களில் இன்றும் நடைமுறையில் இருக்கும் சட்டம் இது.

இப்படிச் சட்டம் போட்டு உலகம் கட்டும் பழக்கம் ஓவியர்கள் புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல. அவர்களுக்குக் கதை கொடுத்தவர்களிடமிருந்தே வந்தது. வானரங்கள் கடலுக்குக் குறுக்கே அணை கட்டியதைச் சொல்லும்போது வால்மீகி, 'மாயத்தால் கட்டினார்கள்' என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். அவர் கொடுப்பது பொதுப்பணித் துறை அறிக்கை. நீளம் 100 யோஜனை, அகலம் 10. முதல் நாள் 14 யோஜனை முடிந்தது; இரண்டாம் நாள் 20; மூன்றாம் நாள் 21; நான்காம் நாள் 22; ஐந்தாம் நாள் 23. கூட்டிப் பார்த்தால் சரியாக 100 வருகிறது. முதல் நாள் வேலை மந்தம், பிறகு கை பழகி வேகம் கூடுகிறது என்பதுவரை கணக்கில் இருக்கிறது. பொறியாளர் நளன், விஸ்வகர்மாவின் மகன். நேர்கோடு பிசகாமல் இருக்கச் சில வானரங்கள் நூல் பிடித்து நிற்கிறார்கள். மலையைப் பெயர்த்துத் தூக்கிவரும் குரங்கு என்ற ஒரே ஒரு விஷயத்தை மட்டும் வாசகர் நம்பினால் போதும். மற்றதெல்லாம் கொத்தனார் வேலை.

ராவணனின் பத்துத் தலையும் இப்படித்தான். பத்துத் தலைக்காரன் எப்படிப் படுத்துத் தூங்குவான் என்பது எந்தக் குழந்தையும் கேட்கும் கேள்வி. சுந்தர காண்டத்தில் அனுமன் இலங்கை அந்தப்புரத்துக்குள் புகுந்து, தூங்கும் ராவணனைப் பார்க்கிற இடத்தில் வால்மீகியின் வர்ணனை இரண்டு கைகளை மட்டுமே சொல்கிறது. உரையாசிரியர்கள் இதை விட்டுவைக்கவில்லை. பத்துத் தலையும் இருபது கையும் அவன் விரும்பி எடுக்கும் வடிவம், போர்க்களத்துக்கு. வீட்டில் எல்லோரையும்போல ஒரு தலைதான் என்று விளக்கம் எழுதினார்கள். கற்பனை உலகின் ஓட்டையை அடைக்கும் வேலை அன்றைக்கே முழுநேர வேலையாக இருந்திருக்கிறது.

இன்னும் மேலே போனால் புராணங்களின் பூகோளம். நடுவில் ஜம்புத்வீபம், அதன் விட்டம் 1 லட்சம் யோஜனை. சுற்றிலும் அதே அகலத்தில் உப்புக்கடல். அடுத்த தீவு இரண்டு மடங்கு; அதைச் சுற்றி அதே அளவில் கருப்பஞ்சாற்றுக் கடல். இப்படியே கள், நெய், தயிர், பால், நன்னீர் என்று ஏழு கடல்கள். ஒவ்வொரு தீவும் முந்தியதைப்போல இரட்டிப்பு. ஏழாவது தீவு 64 லட்சம் யோஜனை. பாற்கடலில் பள்ளிகொண்ட பெருமாள் இந்த அரண்மனைச் சுவரிலும் இருக்கிறார். அவர் படுத்திருக்கும் கடலுக்கு அகலம் எவ்வளவு என்று புராணத்தைக் கேட்டால் கணக்குச் சொல்லிவிடும்.

இதையெல்லாம் நம்பியவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் என்று நினைத்தால் இடம் தெரியாமல் பேசுவதாகும். மட்டாஞ்சேரி அரண்மனை எழுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன், 1501இல், இதே மலையாள நாட்டில் நீலகண்ட சோமயாஜி 'தந்திரசங்கிரகம்' எழுதி முடித்தார். புதனும் சுக்கிரனும் நகரும் விதத்துக்கு அதுவரை இருந்த கணக்கைத் திருத்தியவர் அவர். அவருக்கும் முன்னால், 14ஆம் நூற்றாண்டில் பிறந்த சங்கமகிராம மாதவன், வட்டத்தின் சுற்றளவை முடிவில்லாத தொடராக எழுதும் வழியைக் கண்டிருந்தார். அந்த நிரூபணங்களை ஜ்யேஷ்டதேவர் 'யுக்திபாஷா'வில் சமஸ்கிருதத்தில் அல்ல, மலையாளத்தில் எழுதினார், சுமார் 1530இல். நிஜ வானத்தை இவ்வளவு நுட்பமாக அளந்த நாட்டில்தான், இவ்வளவு அருகிலேயே, சூரியனே இல்லாத ஒரு வானமும் தீட்டப்பட்டது. இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள் இருந்திருப்பார்கள். இரண்டும் வேறு என்று தெரிந்தே இரண்டையும் காப்பாற்றியவர்களும் இருந்தார்கள். 2014 டிசம்பரில் தொடங்கிய கொச்சி முசிறிஸ் பியனாலேயை நடத்திய ஓவியர் ஜிதிஷ் கல்லாட், இந்தக் கணித மரபையும் கடல்வழிப் பயணங்களையும் சேர்த்து முடிச்சுப் போட்டுத்தான் கண்காட்சிக்குக் கருப்பொருள் அமைத்தார். அது தற்செயல் அல்ல.

அரண்மனையிலிருந்து வெளியே வந்து சில நிமிடம் நடந்தால் யூதத் தெரு. கோடியில் பரதேசி யூதர்களின் ஜெபக்கூடம், 1568இல் எழுந்தது. அதன் தரை முழுக்கச் சீனத்துக் காண்டனிலிருந்து 18ஆம் நூற்றாண்டில் கப்பலில் வந்த நீல வெள்ளை ஓடுகள். ஓர் ஓடு போல இன்னொன்று இல்லை என்பது வழிகாட்டிகள் தினமும் சொல்லும் பாடம். செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தால் வடிவம் திரும்பத் திரும்ப வருவது தெரியும். ஆனால் ஒவ்வொன்றும் கையால் தீட்டியது. கோட்டின் கனம் மாறும், சாயம் ஓரிடத்தில் தேங்கும். வழிகாட்டி சொல்வதும் ஒரு விதத்தில் பொய்யில்லை.

இந்த ஓடுகளை எடுத்துக்கொண்டு சல்மான் ருஷ்டி இன்னொரு உலகம் கட்டினார். 1995இல் வெளிவந்த 'தி மூர்'ஸ் லாஸ்ட் சை' நாவலில் இந்தத் தரையின் படங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. போதிய நேரம் தேடினால் பார்ப்பவரின் கதையே ஏதாவது ஓர் ஓட்டில் கிடைக்கும் என்று பேச்சு. நாவலின் பௌதிகத்தில் பெரிய மாற்றம் வேறொன்று. கதை சொல்லும் மொரேஸுக்கு உடம்பின் கடிகாரம் இரட்டை வேகத்தில் ஓடுகிறது. நான்கரை மாதத்தில் பிறக்கிறான், பத்து வயதில் இருபது வயது உடம்பு, முப்பத்தாறில் எழுபத்திரண்டு. ருஷ்டி மாற்றியது அந்த ஒரு சக்கரத்தை மட்டும். பம்பாய் பம்பாயாகவே இருக்கிறது, மிளகு மிளகாகவே விற்கிறது. அதனால்தான் அந்த ஒரு மாற்றம் வலிக்கிறது.

ஜெபக்கூடத்துக்குப் பக்கத்தில் எசக்கியேல் ரஹபி 1760இல் எழுப்பிய மணிக்கூண்டு நிற்பது நாவலுக்காகவே வைத்தது போலிருக்கும். முகத்துக்கு முகம் எண்கள் வேறு எழுத்து. ஒன்றில் ரோமானியம், ஒன்றில் எபிரேயம். ஊர் ஒன்று, நேரம் ஒன்று, படிப்பவர் யார் என்பதைப் பொறுத்து எழுத்து மாறுகிறது.

கொச்சிக்காரர்கள் இந்த வித்தையில் சளைத்தவர்கள் அல்ல என்பதற்கு 1984இல் ஒரு சாட்சி வந்தது. நகரின் மறுகோடியில், காக்கநாட்டில் ஸ்டூடியோ வைத்திருந்த நவோதயா நிறுவனம் எடுத்த 'மை டியர் குட்டிச்சாத்தான்', இந்தியாவின் முதல் 3டி படம். ஜிஜோ இயக்கியது. அதில் ஒரு பாட்டில் குழந்தைகள் தரையிலிருந்து சுவரில் ஏறி, கூரையில் தலைகீழாக நடந்து, மறுபக்கச் சுவர் வழியே இறங்கி வருவார்கள். கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்த தலைமுறைக்கு அது மறக்காது. கலை இயக்குநர் கே. சேகர் செய்தது, அறையையே ராட்டினம்போலச் சுழலவைத்ததுதான். கேமராவும் அறையோடு சேர்ந்து சுழன்றது. குழந்தைகள் எப்போதும் தரையில்தான் நடந்தார்கள்; சுற்றியது உலகம். பூமியின் இழுப்பை அவர் ஒரு கணமும் மீறவில்லை, அதையே வேலைக்காரனாக வைத்துக்கொண்டார். நளன் பார்த்திருந்தால் நூல் பிடிக்க வந்திருப்பான்.

மறுபடி அரண்மனைக்கு. சுவரில் உள்ள உலகின் சட்டங்களைச் சொல்லியாயிற்று. அந்தச் சுவருக்கும் சட்டங்கள் உண்டு.

கேரள மரபில் சித்திரக்காரர் சுவரைத் தயாரிக்கவே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முதல் பூச்சு சுண்ணாம்பும் மணலும். அதில் கடுக்காய்ச் சாறு, வெல்லம், ஊஞ்சல்வள்ளி என்ற கொடியின் சாறு ஆகியவற்றைச் சேர்ப்பார்கள். இரண்டாவது பூச்சில் பஞ்சைச் சேர்த்து அரைப்பார்கள். அதன்மேல் தெளிந்த சுண்ணாம்பை இளநீரில் கரைத்து 25, 30 தடவை மெல்லப் பூசுவார்கள். கடைசியில் கிடைக்கும் அந்த வழவழப்பான வெண்மைதான் படத்தின் வெள்ளை. வெள்ளையைத் தனியாகத் தீட்டுவதில்லை. சுவரை அப்படியே விட்டுவிடுவதுதான். பிறகு மஞ்சள், அதற்கு மஞ்சள் காவி மண். சிவப்புக்குச் செங்காவி. கறுப்புக்கு நல்லெண்ணெய் விளக்கில் பிடித்த புகைக்கரி. ஒட்டுவதற்கு வேப்பம் பிசின். கடைசிக் கோடு கறுப்பில். கண் திறப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

பச்சை? அதற்கு மட்டும் மண் கிடையாது. நீலியமரி என்று அங்கே சொல்லும் நம்மூர் அவுரி இலையின் நீலத்தையும், எரவிக்கரை என்ற மரத்தின் மஞ்சள் பிசினையும் சேர்த்து அரைத்தால் வருவது அந்தப் பச்சை.

இங்கேதான் சங்கடம். காவி என்பது துருவேறிய மண். அது ஏற்கனவே எவ்வளவு கெட வேண்டுமோ அவ்வளவு கெட்டுவிட்டது. இனி வெயிலும் காற்றும் அதை அதிகம் ஒன்றும் செய்ய முடியாது. கரியும் அப்படியே. ஆயிரம் வருடம் ஆனாலும் கரி கரிதான். ஆனால் இலையும் பிசினும் உயிருள்ள பொருளிலிருந்து வந்தவை. வெளிச்சம் பட்டால் வெளிறும். பிசின் மஞ்சள் முதலில் போகும்; போனால் பச்சை, நீலத்தின் பக்கம் சாயும். சுவர்ச்சித்திரத்தின் சட்டப்படி அரக்கனின் கறுப்பு கீழானது, ராமனின் பச்சை மேலானது. ரசாயனத்தின் சட்டப்படி அரக்கன் நிரந்தரம், ராமன்தான் முதலில் மங்குவான். பள்ளியறையின் அரையிருட்டைக் குறைசொல்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். படம் எடுக்கத் தடை என்ற பலகையைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்களும்தான்.

வெளிச்சத்தைக் குறைத்துவிடலாம், ஈரத்தை என்ன செய்வது? ஒரு பக்கம் காயல், சற்றுத் தள்ளிக் கடல், வருடத்தில் பல மாதம் மழை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், காயும், மறுபடி உறிஞ்சும். ஒவ்வொரு தடவையும் உள்ளிருக்கும் உப்பு மேலே வந்து பூத்து, சாயத்தைப் பொருக்காகத் தூக்கிவிடும். போதாததற்குக் கூட்டமாக வந்து நிற்பவர்களின் மூச்சுக்காற்று. போர்ச்சுக்கீசியரையும் டச்சுக்காரரையும் பிரிட்டிஷாரையும் பார்த்துவிட்ட சுவருக்கு எதிரி வாசல் வழியாக வருவதில்லை.

முழுதாகப் போனால் என்ன ஆகும் என்பதற்குக் குருவாயூர் உதாரணம். 1970 நவம்பர் 30 அன்று அந்தக் கோயிலில் பிடித்த தீயில் கருவறைச் சுவரின் பழைய சித்திரங்கள் பாழாயின. மீண்டும் தீட்ட வேண்டும் என்று முடிவானபோது ஒரு கேள்வி எழுந்தது. பழைய முறையில் தீட்டத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் மிச்சம்? விரல்விட்டு எண்ணலாம். மம்மியூர் கிருஷ்ணன்குட்டி நாயர் போன்ற வயதான கைகளை நம்பித்தான் வேலை நடந்தது. படம் எரிந்தாலும் சட்டம் சில பேர் தலைக்குள் எரியாமல் இருந்தது; அதனால் அந்த உலகத்தை மறுபடி எழுப்ப முடிந்தது. அந்தச் சில பேரும் போய்விட்டால் என்ற பயம்தான் 1989இல் குருவாயூர் தேவஸ்வம் சுவர்ச்சித்திரக் கலைக்கென்று ஒரு பயிற்சிக் கூடம் தொடங்கியதற்குப் பின்னால் இருந்தது. மாணவர்கள் அங்கே கோடு போடப் பழகுகிறார்கள், இலை அரைக்கவும் பழகுகிறார்கள்.

யூதத் தெருக் கடைகளில் இன்று சுவர்ச்சித்திரத்துக்குப் பஞ்சமில்லை. கேன்வாஸில், சேலை முந்தானையில், சாவிக்கொத்தில், தேநீர்க் கோப்பையில் அதே அகன்ற கண்களும் அதே கிரீடங்களும். சாயம் அக்ரிலிக், வெயிலுக்கும் வெளிறாது, துவைத்தாலும் போகாது. இதில் முகம் சுளிக்க ஒன்றுமில்லை. கோயில் சுவரிலும் ராஜாவின் படுக்கையறையிலும் அடைந்திருந்த ஒன்று தெருவுக்கு வந்து நாலு பேர் பிழைக்க வழியாகியிருக்கிறது. ஆனால் கடைகளில் சற்று நின்று பார்த்தால் ஒன்று கண்ணை உறுத்தும். வாங்குகிறவரின் வரவேற்பறைத் திரைச்சீலைக்குப் பொருத்தமாகக் கிருஷ்ணன் ஊதாவில் இருக்கிறான். ஒரு சேலையில் ராதையும் பச்சை, மாடும் பச்சை. கோடு பிசகாமல் இருக்கிறது. சட்டம் மட்டும் ரத்தாகிவிட்டது. பூமியின் இழுப்பை எடுத்துவிட்ட உலகம் அது. எல்லாம் அழகாக மிதக்கிறது, எதற்கும் கனமில்லை.

போக விரும்புகிறவர்களுக்கு ஒரு தகவல். வெள்ளிக்கிழமை அரண்மனைக்கு விடுமுறை, சனிக்கிழமை ஜெபக்கூடத்துக்கு. இரண்டையும் ஒரே நாளில் பார்க்க மற்ற ஐந்து நாளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காலையில் அரண்மனை திறந்ததும் போய்விடுவது நல்லது. பத்து மணிக்கு மேல் டூரிஸ்ட் பஸ்கள் வந்துவிடும். பள்ளியறைக்குள் நுழைந்ததும் உடனே எதையும் பார்க்க முயல வேண்டாம். கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் கொடுங்கள். முதலில் துலங்குவது சிவப்பு. பிறகு மஞ்சள். பச்சை வர இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்.